ஒரு கிலோமீட்டர் பாலம், இரண்டு வருஷம்: ஜொகூர் எல்லை அடைப்பில் மாட்டிக்கொண்டவனின் அனுபவம்

2025 மே மாதம் ஒருநாள், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் குடிநுழைவு வரிசையில் நின்றபடி கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மே 20ஆம் தேதி ஜெனீவாவில் உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது என்று போட்டிருந்தார்கள். வரிசை நீளமாக இருந்ததால் முழுவதையும் படித்தேன். பயணிகளைத் தடு, விடு என்று எந்த நாட்டுக்கும் கட்டளையிடும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்கு இல்லை என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் அடுத்த தடவையும் சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூரையும் இணைக்கும் இந்தப் பாலத்தை அடைப்பதும் திறப்பதும் இந்த இரண்டு நாடுகளின் கையில்தான். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. போன தடவை, கோவிட் காலத்தில், நான் பட்டதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்களும் யாருமில்லை.

எனக்கு வீடு ஜொகூர் மாசாயில். வேலை சிங்கப்பூர் செனோக்கோவில், ஒரு உணவுத் தொழிற்சாலையில் குளிரூட்டி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் ஆறரைக்குள் தொழிற்சாலையில் இருப்பேன். இரவு எட்டுக்கு வீடு. பதினொரு வருஷம் இப்படித்தான் ஓடியது. என்னைப் போல ஏறத்தாழ 3 லட்சம் மலேசியர்கள் தினமும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தார்கள். பாலம் என்று பார்த்தால் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசல் இல்லாவிட்டால் நடந்தே பதினைந்து நிமிஷத்தில் கடந்துவிடலாம்.

2020 மார்ச் 16, திங்கட்கிழமை இரவு அன்றைய மலேசியப் பிரதமர் முஹிடின் தொலைக்காட்சியில் பேசினார். புதன்கிழமை 18ஆம் தேதி தொடங்கி 31 வரை நடமாட்டக் கட்டுப்பாடு, மலேசியர்கள் வெளிநாடு போகக் கூடாது என்றார். தினமும் போய் வருகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்று அன்று இரவு யாருக்கும் தெரியவில்லை. நண்பர்களின் வாட்ஸ்அப்பில் ஒருவன் பொருந்தும் என்கிறான், இன்னொருவன் இல்லை என்கிறான், மூன்றாமவன் ஒரு அதிகாரி சொன்னதாகக் குரல் பதிவு அனுப்புகிறான். மறுநாள்தான் உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று தெளிவாகச் சொன்னார்கள். அதற்குள் எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "தம்பி, இன்னைக்கு ராத்திரிக்குள்ள இந்தப் பக்கம் வந்துடு, தங்க இடம் நாங்க பாத்துக்கிறோம். வரலன்னா சம்பளம் பத்தி எனக்குத் தெரியாது" என்றார். மனைவியிடம் கேட்டேன். "ரெண்டு வாரம்தானே, போயிட்டு வாங்க" என்றாள். ஆறு வயசு மகள் அந்த ஜனவரியில்தான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. அதை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு தோள்பைதான் எடுத்துப் போனேன். நாலு சட்டை, இரண்டு கால்சட்டை, சார்ஜர், பத்து நாளுக்கான சர்க்கரை மாத்திரை. பாலத்தில் அன்று இரவு இருந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தலையணையும் ரைஸ் குக்கருமாக மோட்டாரில் கட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். இரண்டு வாரத்துக்கு ரைஸ் குக்கரா என்று. அந்த ரைஸ் குக்கர்காரர் யாரோ, அவர்தான் புத்திசாலி. எல்லை அடைப்பு என்று ஒரு அரசு இரண்டு வாரம் சொன்னால் மூன்று மாசம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது இரண்டு வருஷமாகியது.

முதல் இரண்டு வாரம் பெரிய கஷ்டமில்லை. மலேசிய ஊழியர் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் பதினாலு இரவுக்கு சிங்கப்பூர் அரசு முதலாளிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பணத்தில் எங்களை ஒரு மலிவு விடுதியில் போட்டார்கள். தங்க இடம் கிடைக்காமல் கிராஞ்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டபோது நமக்குப் பரவாயில்லை என்று நினைத்தேன். பதினைந்தாம் நாள் காலை, "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மார்சிலிங்கில் ஒரு வீடமைப்புக் கழக வீட்டில் ஓர் அறை, நாலு கட்டில், கட்டிலுக்கு மாசம் 380 வெள்ளி. 2020 ஏப்ரலில் அந்தக் கட்டிலில் படுத்தவன் 2022 மார்ச் கடைசியில்தான் எழுந்தேன். 24 மாசம், 9,120 வெள்ளி. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 28,000 ரிங்கிட். மாசாய் வீட்டுக் கடன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேரும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எல்லை அடைத்தால் தங்கும் செலவு யாருடையது, எத்தனை நாளுக்கு? இன்று புதிதாகச் சேருகிற பையன்களிடம் நான் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். நான் ரைஸ் குக்கர்காரரைப் பார்த்துச் சிரித்த மாதிரி.

அடுத்தது மாத்திரை. மாசாயில் அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் மருத்துவரையும் பார்த்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அதனால் என் மருந்துக்குப் பெயர்கூட எனக்குத் தெரியாது. வெள்ளை மாத்திரை பெரியது காலையும் இரவும், சின்னது காலையில் மட்டும், அவ்வளவுதான். பத்து நாளில் தீர்ந்தது. பாலம் நாளைக்குத் திறக்கும், அடுத்த வாரம் திறக்கும் என்று பதினெட்டு நாள் மாத்திரை இல்லாமலே ஓட்டினேன். அப்புறம் கண் மங்கலாகி, இரவில் ஆறு தடவை சிறுநீர் போக எழுந்தபோதுதான் பயம் வந்தது. ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டார். வெள்ளை மாத்திரை என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. பில் 168 வெள்ளி. மனைவி மாசாய் வீட்டில் இருந்த கிளினிக் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்ற பெயர்களே எனக்குத் தெரிந்தன. இதை அந்த மருத்துவரிடம் போகும் முன்பே செய்திருக்கலாம்.

இது என் முட்டாள்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 3 லட்சம் பேர் தினமும் கடக்கிற இடம். அவர்களில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் எல்லாருடைய மருத்துவப் பதிவும் பாலத்துக்கு அந்தப் பக்கம், உடம்பு மட்டும் இந்தப் பக்கம். பிராந்திய சுகாதாரப் பாதுகாப்பு என்று பெரிய பெயரில் பேசுகிறார்களே, எனக்கு அது என்னவென்று புரிந்தது அந்தக் கிளினிக் நாற்காலியில்தான். மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் கைப்பேசியில் ஒரு படம், பணப்பையில் ஒரு தாள் என்று இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் பக்கத்தில் குறைந்தது ஒரு மாசத்து மருந்து இருக்கட்டும்.

இந்த நாட்களில் நான் இரவெல்லாம் படித்துக்கொண்டே இருந்தேன். கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது, வேறு வேலையும் இல்லை. ஒரு விஷயம் என்னை உறுத்தியது. பாலம் அடைத்த நாளிலேயே கோழியும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் ஓடின. சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ, முஹிடினிடம் பேசியதாகவும், சரக்கு தடையில்லாமல் வரும் என்று அவர் உறுதி சொன்னதாகவும் செய்தியில் வந்தது. இரு நாட்டுக்கும் ஒரு கூட்டுக் குழுவும் போட்டார்கள். ஒரு நாளில் சரக்குக்கு வழி பிறந்துவிட்டது. ஆளுக்கு வழி பிறக்க ஐந்து மாசம் ஆனது. எங்கள் தொழிற்சாலைக்கு ஜொகூரிலிருந்து வரும் லாரி ஓட்டுநர் ஒருவர், மாசாய் வழியாகத்தான் வருவார். "அண்ணே, உங்க தாமான் பக்கம்தான் வந்தேன், மழை பெய்யுது" என்று சொல்வார். கோழியோடு கோழியாக நானும் ஏறிப் போய்விடலாமா என்று ஒருநாள் நிஜமாகவே தோன்றியது.

பாலத்துக்கு இந்த அனுபவம் புதிதுமல்ல. 1998இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்துவிட்டார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நிற்கவில்லை. நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு நெகிரி செம்பிலானுக்குப் போயின, அங்கேதான் சுங்கை நிப்பா கிராமம் இருக்கிறது, அந்தப் பெயர்தான் வைரஸுக்கு வந்தது. 1999 மார்ச்சில் அது சிங்கப்பூர் பன்றி வெட்டுமிடத் தொழிலாளர்கள் 11 பேரைப் பிடித்தது, ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். நான்கு வருஷம் கழித்து சார்ஸ். சிங்கப்பூரில் 238 பேர், 33 மரணம். 2003 ஏப்ரல் 29ஆம் தேதி ஆசியான் தலைவர்கள் பேங்காக்கில் அவசரமாகக் கூடினார்கள். 2020 ஏப்ரல் 14ஆம் தேதி திரும்பவும் கூடினார்கள், இந்தத் தடவை காணொளியில். அந்த நவம்பரில் நிதி, மருத்துவப் பொருள் கையிருப்பு, அவசர சுகாதார நிலைமைகளுக்கு ஒரு மையம், பயணத் தடத்துக்கு ஒரு பொதுக் கட்டமைப்பு என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. கையிருப்பும் மையமும் தேவைதான். ஆனால் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு அந்தப் பொதுக் கட்டமைப்பால் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கதவு திறந்ததெல்லாம் இரண்டு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில்தான்.

முதல் கதவு 2020 ஆகஸ்ட் 17 அன்று திறந்தது. காலமுறைப் பயண ஏற்பாடு என்று பெயர். வேலை செய்யும் நாட்டில் குறைந்தது 90 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், பிறகு குறுகிய விடுப்பில் வீட்டுக்குப் போய்வரலாம். திரும்பி வருவதற்கான விண்ணப்பத்தை நிறுவனம்தான் போட வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்கள் இன்றும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வீட்டுக்குப் போகக் கூடாது என்று என்னை யாரும் தடுக்கவே இல்லை. மலேசியக் குடிமகன் மலேசியாவுக்குள் எந்த நாளும் நுழையலாம். திரும்பி வர அனுமதி கிடைக்குமா, எப்போது கிடைக்கும், அதுவரை வேலை இருக்குமா என்பதுதான் தெரியாது. போகிற வழி ஒரு நாட்டின் சட்டம், வருகிற வழி இன்னொரு நாட்டின் சட்டம். இரண்டும் தனித்தனியாக நியாயமாகவே இருந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. எல்லை அடைப்பில் பயணம் என்றால், கிளம்புவதற்கு முன் திரும்பும் அனுமதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய் வார்த்தை போதாது, தேதி போட்ட கடிதம் வேண்டும்.

எனக்கு அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் செப்டம்பரில் ஒருமுறை விண்ணப்பம் திரும்பி வந்தது, காரணம் கடவுச்சீட்டு முடிய மூன்று மாசம்தான் இருந்தது. புதுப்பிக்க நாள் வாங்கவே நாலு வாரம் போயிற்று. அப்புறம் போனேன். இறங்கியதும் சுவாப் சோதனை, வீட்டிலேயே தனிமை. மகள் கதவுக்கு வெளியே நின்று பேசினாள். ஏழு மாசத்தில் முன்பல் இரண்டு விழுந்து முளைத்திருந்தது. திரும்பியதும் இங்கே ஏழு நாள் தனிமை, முடிவில் இன்னொரு சுவாப். சம்பளமில்லாத நாட்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் மூன்று வாரம், சோதனைக் கட்டணங்களும் சேர்த்து 2,000 வெள்ளிக்கு மேல் போனது. அப்பா குளுவாங்கிலிருந்து வர முடியவில்லை, மாவட்டம் தாண்ட யோசித்தார். "தீவாளிக்கு வராட்டி பொங்கலுக்குப் பாத்துக்கலாம், நீ வேலையைப் பாரு" என்றார். கடவுச்சீட்டை மட்டும் ஜூலையிலேயே பார்த்திருந்தால் ஒரு மாசம் முன்பே போயிருப்பேன், அப்போது மாவட்டம் தாண்டுவதில் சிக்கல் இல்லை. அப்பாவைப் பார்த்திருப்பேன். அதை இனி மாற்ற முடியாது.

நவம்பர் முதல் வாரம் சிங்கப்பூர் திரும்பினேன். என் 90 நாள் பிப்ரவரி தொடக்கத்தில்தான் முடியும். ஜனவரி 13 அன்று ஜொகூரில் திரும்பவும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் அப்பா குளியலறையில் விழுந்தார், பக்கவாதம். அன்று மாலையே போய்விட்டார். நான் மூத்தவன். கொள்ளி வைக்க வேண்டியவன். போனால் நுழைந்தவுடன் தனிமை, ஈமக்கிரியைக்கு எப்படியும் போக முடியாது. 90 நாள் ஆகாததால் திரும்பும் அனுமதியும் இல்லை. சூப்பர்வைசர், "போறதுன்னா போ, உன் இடத்தை எத்தனை நாள் வைக்க முடியும்னு சொல்ல முடியாது" என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் ஆள் இல்லை. தம்பி கொள்ளி வைத்தான். நான் தொழிற்சாலைக் குளிர் அறைக்குப் பின்னால் நின்று கைப்பேசியில் பார்த்தேன். பாதியில் இணைப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது எல்லாரும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நாலு மாசம் கழித்து, 2021 மே 17 முதல், மரணத்துக்கும் உயிராபத்தான நோய்க்கும் இரு நாட்டுக்கும் இடையே போய்வர ஒரு சிறப்பு ஏற்பாடு வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சியா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. அறையில் இருந்த இன்னொரு நண்பர் அந்த ஏற்பாட்டில்தான் அம்மாவின் காரியத்துக்குப் போய் வந்தார். நல்ல ஏற்பாடு. பாலம் அடைத்து பதினாலு மாசம் கழித்து வந்தது என்பதுதான் என் வருத்தம். சாவு வரும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம்தானே. அடுத்த தொற்றுக்கான ஒத்திகையை இரண்டு அரசுகளும் செய்யும்போது முகக்கவசமும் படுக்கையும் மட்டும் எண்ணாமல், முதல் வாரத்திலேயே சாவுக்குப் போய்வர என்ன வழி என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பேன்.

அப்புறம் தடுப்பூசி. 2021 ஜூலையில் சிங்கப்பூரிலேயே இரண்டு ஊசியும் போட்டேன், இலவசம். இங்கே டிரேஸ்டுகெதர் செயலி என்னைத் தடுப்பூசி போட்டவன் என்றது. மலேசியாவின் மைசெஜாத்ரா செயலியில் நான் ஊசியே போடாதவன். வெளிநாட்டில் போட்டதைத் தனியாகப் பதிந்து சரிபார்க்கச் சொன்னார்கள். சிங்கப்பூர்ப் பதிவு இருப்பது என் வேலை அனுமதி எண்ணில். மைசெஜாத்ரா கேட்பது மைகார்டு எண், அதாவது மலேசிய அடையாள அட்டை எண். பாலத்தில் கேட்பது கடவுச்சீட்டு எண். அந்தக் கடவுச்சீட்டும் இடையில் புதிதாகிவிட்டதால் பழைய எண் ஒன்று வேறு ஊரெல்லாம் கிடந்தது. இதோடு என் பெயர். மலேசியத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்று ஒரு சாய்கோடு இருக்குமே, இன்னாரின் மகன் என்று காட்ட, அந்தச் சாய்கோட்டைப் பாதி இணையப் படிவங்கள் ஏற்காது. ஒன்றில் சேர்த்து எழுதினேன், ஒன்றில் விட்டேன், ஒன்றில் அதுவாகவே அப்பா பெயரை என் பெயராக்கிக்கொண்டது.

இந்தச் சாய்கோடு எனக்கு இரண்டு மாசத்தைத் தின்றது. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணத் தடம் பாலத்தில் திறந்தது. தனிமை கிடையாது. ஆனால் குறிப்பிட்ட பேருந்தில் மட்டும், ஒரு பக்கத்திலிருந்து நாளுக்கு 1,440 பேர். டிக்கெட் 15 வெள்ளிதான், கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. டிசம்பர் 18க்கு ஒன்று பிடித்தேன். புறப்படும் முன் இரண்டு நாளுக்குள் எடுத்த சோதனை முடிவு வேண்டும், எடுத்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஆவணம் பார்த்தவர் சோதனைத் தாளையும் கடவுச்சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாளில் கடவுச்சீட்டு எண் இல்லை, வேலை அனுமதி எண் இருந்தது. பெயரும் தலைகீழாக இருந்தது. "இது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும் அங்கிள்?" என்று கேட்டார், சின்னப் பையன். கிளினிக்கைக் கூப்பிட்டேன், சனிக்கிழமை மதியம் மூடிவிட்டார்கள். பேருந்து போய்விட்டது. வாங்கி வைத்திருந்த பள்ளிப்பையும் நானும் மார்சிலிங் திரும்பினோம். சரி, அடுத்த வாரம் பார்ப்போம் என்று இருந்தால், ஓமிக்ரான் வந்து டிசம்பர் 22 அன்று புதிய டிக்கெட் விற்பனையையே நிறுத்தினார்கள். ஜனவரி 20 வரை கிடையாது. பிப்ரவரி நடுவில்தான் எனக்கு இடம் கிடைத்தது. வீட்டைப் பார்த்துப் பதினைந்து மாசம் ஆகியிருந்தது.

அதனால் இதை மட்டுமாவது செய்து வையுங்கள். உங்கள் கடவுச்சீட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, இடைவெளி, சாய்கோடு உட்பட, அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக்கோ தடுப்பூசி மையமோ, எங்கே பதிந்தாலும் அந்தத் தாளைக் காட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். முடிவுத் தாள் கைக்கு வந்தால் முகப்பை விட்டு நகராமல் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய எண்ணில் பதிவான ஏதாவது ஒன்றுக்கு அது வேண்டியிருக்கும். சோதனையை வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள், தப்பு இருந்தால் திருத்த அவர்கள் திறந்திருக்கும் நாள் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 அன்று பாலம் முழுமையாகத் திறந்தது. என் மோட்டார் தொழிற்சாலைக் கொட்டகையில் இரண்டு வருஷம் நின்றிருந்தது. பேட்டரி செத்து, டயர் வெடித்து, காப்புறுதியும் சாலை வரியும் காலாவதி. காப்புறுதியை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று மாசாமாசம் நினைத்து, தள்ளிப்போட்டது நான்தான். சரி செய்ய 900 ரிங்கிட் ஆயிற்று.

இவ்வளவும் பட்ட பிறகு, வேறு எங்காவது இதை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று தேடினேன். மேக்கோங் ஆற்றுப் படுகையில் ஒன்று இருக்கிறது. கம்போடியா, லாவோஸ், மியன்மார், தாய்லாந்து, வியட்நாம், சீனா என ஆறு நாடுகள் 2001லேயே கையெழுத்திட்டு ஒரு நோய்க் கண்காணிப்பு வலையமைப்பு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் அடிமட்ட வேலைதான். எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊரின் சுகாதார அதிகாரியும் அந்தப் பக்கத்து ஊரின் அதிகாரியும் நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள், கூடி ஒத்திகை பார்க்கிறார்கள். தலைநகருக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. ஜொகூர் பாருவும் உட்லண்ட்ஸும் அந்த ஊர்களைவிடப் பணக்கார ஊர்கள். இங்கே புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் நடுவே ரயில் வரப்போகிறது, ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்துக்கு 10,000 பேர் வரை போகலாம் என்கிறார்கள். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே இடத்தில் முடிந்துவிடுமாம். கடவுச்சீட்டைச் சேர்த்துப் பார்க்க முடிகிறது என்றால் தடுப்பூசிப் பதிவையும் சேர்த்துப் பார்க்க முடியாதா என்ன? தொழிலாளர் கூட்டங்களில் யாராவது அதிகாரி வந்தால் நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். இதுவரை இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். இருவரும் குறித்துக்கொண்டார்கள்.

இப்போது மோட்டார் இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. பெயர் எழுதிய தாள், மருந்துச் சீட்டு, பழைய கடவுச்சீட்டின் நகல், தங்கும் செலவு பற்றி நிறுவனம் கொடுத்த கடிதம். தொழிற்சாலை லாக்கரில் ஒரு டப்பா மாத்திரையும் நாலு சட்டையும். மாசக் கடைசியில் மாத்திரை எண்ணுவது மகளின் வேலை, அவள்தான் கைப்பேசியில் படம் பார்த்து எண்ணிச் சொல்வாள். போன வாரம் எண்ணினாள், 34 நாளுக்கு இருக்கிறதாம்.